கூரையைப் பிரித்த கணக்கு

பெருக்கல் கணக்கில் கண்டக்டரை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் கிடையாது. அந்த வீட்டைப் பிடித்த சனியனும் அதுதான்.

வேலைக்காலம் முழுக்கப் பேருந்தில் தொங்கிய மனிதர். மூச்சுவிட இடமில்லாத நெரிசலில், மூன்று முழு டிக்கெட், இரண்டு அரை டிக்கெட், நடுவில் இறங்குகிற ஒருத்தர் என்று நீங்கள் சொல்லி வாயை மூடுவதற்குள் தொகையைச் சொல்லிவிடுவார். நோட்டை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்கில் செருகிக்கொள்ளும் பழக்கம், ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் போகவில்லை. உப்பு வாங்கப் போனாலும் நோட்டு விரல் இடுக்கில்தான் போகும். சில்லறை கொடுக்க மட்டும் கை வராது. டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்து, இறங்கும்போது வாங்கிக்கொள் என்பார். இறங்குகிறவன் அவசரத்தில் மறந்துவிடுவான். மறக்காமல் வந்து கேட்டவனை, ஏதோ சொத்தை எழுதிக் கேட்டவனைப்போலப் பார்ப்பார். பெருக்கத் தெரியும், கழிக்க மனசு வராது. பிறவி அப்படி.

அவருக்கு ஒரே மகள். வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. சூட்டோடு சூடாக இயந்திரம் தள்ளுகிற படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடி. ஏஜெண்டுக்குக் கொடுத்த தொகை கடன் வாங்கியது. அதையும் அவளே அங்கிருந்து மாதாமாதம் அடைத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கடனைக் கண்டக்டர் ஒருநாளும் கணக்கில் சேர்த்ததில்லை. அது அவள் கடன், அவள் பாடு என்று இருந்துவிட்டார்.

முதல் மாதம் சம்பளம் எவ்வளவு என்று போனில் கேட்டார். ஆயிரத்து ஐந்நூறு என்றாள். அந்த ஊர்ப் பணம் ஒன்றுக்கு நம் பணம் எத்தனை என்று கேட்டார். இருபது என்றாள். போனை வைப்பதற்கு முன்பே பெருக்கி முடித்துவிட்டார். முப்பதாயிரம்.

முப்பதாயிரம்! காக்கிச் சட்டை போட்ட காலத்தில் அதில் கால்வாசியைக்கூட அவர் மொத்தமாகப் பார்த்ததில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் எதிர்த்த சோடாக்கடைக்குப் போய், கேட்காத ஆளிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து தெருவில் அவர் நடையே வேறு. வயிறு முன்னால் போகும், ஆள் பின்னால் போவார்.

மாதாமாதம் வீட்டுக்கு வந்தது என்னவோ ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. மீதி இருபத்தைந்தாயிரம் எங்கே போகிறது என்று அவர் பெண்சாதி ஒருநாள் கேட்டாள். கேட்டது தப்பாகப் போயிற்று. மகள் கெட்டிக்காரி, பாங்கில் சேர்த்து வைக்கிறாள், சமயத்தில் அப்படியே தூக்கிக் கொடுப்பாள் என்று ஒரு பதில் தயாரித்தார். அந்தப் பதிலை அவரே பத்துப் பேரிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே நம்பிவிட்டார். பொய்யைச் சொன்னவனே அதை நம்ப ஆரம்பித்தால் அப்புறம் ஊரில் யார் வந்து திருத்துவது?

இதற்கு நடுவில் ரேட்டுப் பைத்தியம் வேறு பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பார்கள்; இவர் சோடாக்கடைக்குப் போய்ப் பேப்பரைப் பிரித்து, அன்றைக்கு அந்த ஊர்ப் பணம் என்ன விலை போகிறது என்று பார்ப்பார். ஏறினால் காப்பி இரண்டு தம்ளர். இறங்கினால் வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. ஏறுகிற அன்றைக்கே எண்ணெயும் சிமெண்டும் சேர்ந்து ஏறுகிறதே என்று பெண்சாதி முணுமுணுத்துப் பார்த்தாள். "உனக்குப் பொருளாதாரம் தெரியாது" என்று அடக்கினார். அவருக்கு அது எப்போது தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சிமெண்ட் எதற்கென்றால், மாடி. வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்பி வாடகைக்கு விடுவதென்று முடிவாகிவிட்டது. கொத்தனாரைக் கூட்டிவந்து தரையில் முளையடித்து நூல் கட்டச் சொன்னார். அந்த நூல் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ரேட்டு கால் காசு ஏறினால் நூல் ஒரு முழம் வெளியே நகரும், பால்கனி முளைக்கும். இறங்கினால் நூல் உள்ளே வரும்; பால்கனி போய்விடும். ஒரு மாதத்தில் எத்தனை தடவை முளையைப் பிடுங்கி நட்டாரோ. கொத்தனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, நான் வீடு கட்டுறவன். கபடிக்குக் கோடு போடுறவன் இல்ல" என்றார். கண்டக்டர் சிரிக்கவில்லை. பெண்சாதி உள்ளே போய்ச் சிரித்தாள்.

அந்தச் சமயம் பார்த்து மகள் விமான டிக்கெட் அனுப்பினாள். அப்பா ஒருதடவை வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஆசைப்பட்டாள். தன் ஊருக்கு வரச் சேர்த்த பணத்தில்தான் அந்த டிக்கெட்டை எடுத்தாள். இரண்டு வருஷமாகத் தான் வராமல் தள்ளிப்போட்டதன் பலன் அது. அதை அவள் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை. டிக்கெட்டைக் கையில் பிடித்ததும் அவருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இதை எடுத்துக் கொடுக்கிறவளுக்கு ஒரு மாடி என்ன பெரிய விஷயம்?

அடுத்த வாரமே ஆள் வைத்துக் கூரையைப் பிரித்தார். ஓடுகளை எண்ணிச் சோடாக்கடைக்காரருக்கு விற்றார். கடைக்காரர் தன் கடைக்குப் பின்னால் கொட்டகை போட ஓடு தேடிக்கொண்டிருந்தார். உத்தரங்களைக் கண்டக்டர் விறகுக்கடைக்குத் தள்ளினார். நாலு தூண் எழுப்பி, கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற அளவுக்குக் கையிலிருந்த பணம் போனது. அத்தோடு தீர்ந்தது. அடுப்படி ஒன்றுக்குத்தான் தலைக்குமேல் ஏதோ இருந்தது. பெண்சாதி பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே போனாள். மழைக்காலம் வர இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

"மழைக்கு முன்னாடி தளம் போட்ரலாம். நேர்ல கேட்டா பாப்பா இல்லன்னு சொல்ல மாட்டா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தார். போனில் இதைப்பற்றி மகளிடம் மூச்சுவிடக் கூடாது என்று பெண்சாதிக்குக் கண்டிப்பான உத்தரவு. நேரில் போய்ச் சொல்லி ஆச்சரியப்படுத்துவாராம்.

ஆச்சரியம் விமான நிலையத்திலேயே ஆரம்பித்தது.

அங்கே பணம் மாற்றும் கண்ணாடிக் கூண்டு ஒன்று இருந்தது. உள்ளே ஒரு பெண். மேலே பலகையில் அந்த ஊர்ப் பணத்துக்கு நேராக இரண்டு எண்கள்: பதினெட்டு, இருபத்திரண்டு. பேப்பரில் இருபது என்று படித்துவிட்டு வந்த மனிதர் இரண்டையும் பார்த்தார். ஒரே பொருளுக்கு இரண்டு விலை எப்படி என்று புரியவில்லை. சரி, எப்படியும் இருபதுக்குத் தருவாள் என்று இரண்டாயிரத்து இருநூறை நீட்டினார். கையில் நூறு வந்தது. நூற்றுப் பத்து வரவேண்டும், எங்கே பத்து என்று கேட்டார். அந்தப் பெண் பலகையில் இருபத்திரண்டைக் காட்டினாள்.

இங்கேதான் மனிதர் கண்டக்டர் புத்தியைக் காட்டினார். டிக்கெட் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் அதே காசைத்தானே திருப்பித் தரவேண்டும்? அதுதானே நியாயம்? அப்படியானால் இது வேண்டாம், என் பணத்தைக் கொடு என்று அந்த நூறைக் கூண்டுக்குள் தள்ளினார். அவள் மறுபேச்சுப் பேசாமல் எண்ணி ஆயிரத்து எண்ணூறைக் கொடுத்தாள். வாங்குகிற விலை பதினெட்டு, விற்கிற விலை இருபத்திரண்டு. இரண்டு பக்கமும் நடுவிலிருக்கிறவளுக்குத்தான். கண்டக்டருக்கு மேலும் கீழும் மூச்சு வாங்கியது. நின்ற இடத்தை விட்டு நகரவில்லை, ஒரு டீ குடிக்கவில்லை, நானூறு போய்விட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். விமானத்துக்கு நேரமாயிற்று. வேறு வழியில்லாமல் அந்த ஆயிரத்து எண்ணூறை மறுபடி உள்ளே தள்ளி, எண்பத்தொன்றும் கொஞ்சம் சில்லறையும் வாங்கிக்கொண்டு போனார்.

அந்தப் பெண், "சார், நாலாவது தடவையும் மாத்தணுமா?" என்று கேட்டாளாம். கிண்டலாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று அவரால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

மகள் இருந்தது ஒரு நாலு மாடிக் கட்டிடத்தில், கடைகளுக்கு மேலே. ஓர் அறை, ஒன்றின் மேல் ஒன்றாய் நாலு கட்டில், நாலு பெண்கள். ஆண்பிள்ளை அங்கே தங்க முடியாது. கீழ்த்தளத்தில் ஆண்கள் தங்கும் அறையில் ஒரு மாதத்துக்கு அவருக்கென்று ஒரு கட்டில் வாடகைக்குப் பிடித்திருந்தாள். மேல் கட்டில். ஏறிப் படுத்தால் கூரை மூக்கில் முட்டியது. மாடிக்கு ஆசைப்பட்டவருக்கு மாடி கிடைத்துவிட்டது. அந்தக் கட்டிலுக்கு வாடகை எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. பாருங்கள், எல்லாவற்றையும் கேட்கிற மனிதர் அதை மட்டும் கேட்கவில்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் பெருக்கல் நடந்தது. கீழே தெருமுனையில் டீ அந்த ஊர்க் காசில் ஐந்து. நம் கணக்கில் நூறு. வேண்டவே வேண்டாம் என்றார். ரொட்டி, முடிவெட்டு, சோப்பு, செருப்பு தைக்க ஒரு தையல், எதைப் பார்த்தாலும் இருபதால் பெருக்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். தாடியும் முடியும் வளர்ந்து, ஊர் விட்டு ஊர் வந்த சாமியார் மாதிரி ஆனார். மகள் ஆசையாக ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தபோது, இது ரெண்டாயிரத்துச் சொச்சம் ஆயிற்றே என்றார். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் அறையிலிருந்த மூத்தவள் ஒருத்தி, எந்நேரமும் நெற்றியில் தைலம் பூசிக்கொள்கிறவள், எல்லாரும் தைலம் அக்கா என்பார்கள், அவள் இதைப் பார்த்துவிட்டு, "உங்க அப்பா துணிய பாக்கலடி, அதுல ஒட்டின சீட்டத்தான் பாக்குறாரு" என்றாள்.

பேருந்தில் ஏறியவருக்கு இன்னொரு அடி. கண்டக்டரே கிடையாது. ஒரு பெட்டி இருந்தது. அட்டையைக் காட்டினால் கீச்சென்று கத்தியது. அன்று முழுக்க அவர் முகம் செத்த வீட்டு முகம்தான். அதன்பின் பேருந்தும் வேண்டாம் என்று நடக்க ஆரம்பித்தார். நடந்தால் காசு மிச்சம். செருப்பு தேய்வதை யார் பெருக்குவது?

இப்படியே மூன்று வாரம் போயிற்று. மாடிப் பேச்சை எடுக்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் வேலை முடிந்து வந்து, ஒரு பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் ஊற்றி, வீங்கிய காலை அதில் வைத்து உட்காருவாள். தைலம் அக்கா முதுகைப் பிடித்துவிடுவாள். மற்ற இருவர் தூங்குவார்கள். அவர் வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, நாளைக்குக் கேட்போம் என்று எழுந்துவிடுவார்.

மாதக் கடைசியில் மகளுக்குக் கூடுதல் நேர வேலை வந்தது. வீட்டுக்குப் பணம் அனுப்ப அவளால் போக முடியவில்லை. அப்பாவிடம் இருநூற்று ஐம்பதைக் கொடுத்து, மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் பழக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை இருக்கிறது, அங்கேதான் அனுப்புவேன், போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள். கண்டக்டருக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு. நோட்டு விரல் இடுக்கில் ஏறியது.

சின்னக் கடையைக் கண்டுபிடித்தார். ஓர் ஆள் நிற்கிற அகலம், அழுக்குக் கண்ணாடி. அனுப்புகிற கூலி ஐந்து காசு என்று எழுதி ஒட்டியிருந்தது. ஐந்தா? நம் கணக்கில் நூறு! மாதாமாதம் இந்தப் பெண் நூறு நூறாகத் தொலைக்கிறாளே என்று வயிறெரிந்தது. திரும்பி நடந்தார். எதிர்ச்சாரியில் ஒரு பெரிய கடை. கதவு தானாகத் திறந்தது. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. உட்கார மெத்தை வைத்த நாற்காலி. சுவரில் கொட்டை எழுத்தில், அனுப்பக் கட்டணம் இல்லை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் அன்றைய விலை பதினெட்டரை என்று இருந்ததை அவர் பார்த்தாரா என்றால், பார்த்தார். பார்த்துவிட்டு, ஏதோ அரைக்காசு கூடக் குறைய இருக்கும் என்று விட்டுவிட்டார். இலவசம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எந்த எண்ணை வைத்தாலும் அது கண்ணுக்குச் சின்னதாகத்தான் தெரியும். பணத்தைக் கட்டினார். ஒரு பேனாவும் இனாமாகக் கொடுத்தார்கள். சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ராஜா மாதிரி நடந்து வந்தார்.

அன்று இரவு மகளிடம் சொல்லும்போது அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஐந்து காசு மிச்சம், பேனா வேறு இனாம் என்றார். அவள் காலை வாளியில் வைத்தபடி, அங்கே கையில் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டீர்களா என்றாள். அதை எதற்குக் கேட்கவேண்டும் என்றார். அதற்குள் போன் அடித்தது. அம்மா. மகள் கை ஈரமாக இருந்ததால் போனைச் சத்தமாகப் பேசும்படி வைத்துக் கட்டில்மேல் போட்டாள்.

"ஏம்மா, இந்த மாசம் என்ன கம்மியா வந்திருக்கு? எப்பவும் நாலாயிரத்துத் தொள்ளாயிரம் வரும். நாலாயிரத்து அறுநூத்துச் சொச்சம்தான் இருக்கு."

கண்டக்டர் போனைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையைப் பார்த்தார். ஐந்து காசு கூலியை மிச்சம் பிடிக்கப் போய், விலையில் முன்னூறுக்குக் கொஞ்சம் குறைய விட்டிருக்கிறார். அவ்வளவும் அந்தப் பேனாவின் விலை.

"அப்பாதாம்மா வேற கடைல அனுப்பினாங்க. அங்க ஒரு பேனா இனாமாக் குடுத்தாங்களாம்" என்றாள் மகள்.

"அதானே பாத்தேன்" என்றாள் தாய். "பஸ்ஸுல ஊரான் சில்லறைய எல்லாம் டிக்கெட் பின்னாடி எழுதிக் குடுத்தே முழுங்கினாரு. அங்க ஒருத்தன் பேனாவையே குடுத்து முழுங்கிட்டான். போவுது விடு. ஆனா தார்ப்பாய்க்குப் பத்தலடி. நேத்தே தூறல் விழுந்துடுச்சு."

"எதுக்கும்மா தார்ப்பாய்?"

அந்தப் பக்கம் தாய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். உத்தரவை மீறிவிட்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கம் கண்டக்டர் ஸ்டூலில் நெளிந்தார். தைலம் அக்கா தைல டப்பாவை மெதுவாக மூடினாள்.

"அம்மா, கூரை எங்க?"

"உங்க அப்பாவக் கேளு. சோடாக்கடை கொட்டகைல இருக்கு."

அதற்குமேல் ஒளிக்க என்ன இருக்கிறது? கண்டக்டர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்கிற சாக்கில் கேட்டும்விட்டார். மொத்தம் மூன்று லட்சம், ஒரேயடியாக வேண்டாம், பாதி இப்போது போதும், மீதியை மெல்லப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மகள் காலை வாளியிலிருந்து எடுக்கவில்லை. வெந்நீர் ஆறிவிட்டிருந்தது.

"எதுல இருந்துப்பா?"

"மாசம் முப்பதாயிரம் வாங்குற..."

"முப்பதாயிரம் இல்லப்பா. ஆயிரத்து ஐநூறு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அங்க வந்து செலவு பண்ணினாத்தான் ஒண்ணு. நான் இங்க சம்பாதிச்சு இங்கயே சாப்பிடுறேன். வந்ததுல இருந்து நீங்க ஒரு டீ குடிக்கல, நூறுன்னு சொல்லி. நான் தினமும் அந்த நூறைத்தான்பா குடிக்கிறேன். என் சம்பளத்தைப் பெருக்கினீங்களே, இந்தக் கட்டிலப் பெருக்கினீங்களா?"

கட்டில் வாடகை எவ்வளவு என்று அப்போதுதான் கேட்டார். ஐந்நூறு. பழக்கதோஷத்தில் இருபதால் பெருக்கிவிட்டார். பத்தாயிரம். ஒரு மனுஷி முதுகை நீட்டப் பத்தாயிரம். எழுதிப் பார்ப்போம் என்று பேனாவை எடுத்துக் கையில் கிறுக்கினார். அது எழுதவில்லை. உதறினார், ஊதினார், உள்ளங்கையில் தேய்த்தார். இனாமாக வந்ததற்கு மை வேறு வேண்டுமா? கடைசியில் வாயால்தான் கணக்கு நடந்தது. சாப்பாட்டுக்கு முன்னூறு. போக்குவரத்துக்கும் போனுக்கும் நூறு. ஏஜெண்டுக் கடனுக்கு இருநூற்று ஐம்பது. வீட்டுக்கு இருநூற்று ஐம்பது. வாழ்நாளில் கழித்தே பழக்கமில்லாத மனிதர், ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். நூறு நின்றது. அந்த நூறிலும் இந்த மாதம் அவர் படுத்த மேல் கட்டில் இல்லை. அது போன மாதங்களின் நூறுகளிலிருந்து வந்தது.

தைலம் அக்கா டப்பாவைத் திறந்து தன் நெற்றியில் இன்னொரு பூச்சு பூசினாள்.

மகள் எழுந்து, தலைமாட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து நோட்டுகளை அவர் கையில் வைத்தாள். "வருஷக் கடைசில வரலாம்னு டிக்கெட்டுக்குச் சேத்தது. அறுநூறு இருக்கு. தளத்துக்குப் பத்தாது, கூரைக்காச்சும் ஆகும். அம்மா நனையக்கூடாது. நான் அடுத்த வருஷம் வரேன்."

பணத்தைக் கண்டதும் விரல் தன் வேலையைப் பார்த்தது. நோட்டுகள் நீளவாக்கில் மடிந்து விரல் இடுக்கில் ஏறிக்கொண்டன. அறுநூறு இருபது பன்னிரண்டாயிரம். அதையும் பெருக்கிவிட்டார், வெட்கங்கெட்ட மனிதர். பழைய ஓடுகளையே திரும்ப வாங்கினால் போதும், கூரை ஆகிவிடும். அவளும் அதைத்தானே சொல்கிறாள்? அவளாகத்தானே கொடுக்கிறாள்? இப்படி எல்லா நியாயமும் அவர் பக்கம் வந்து நின்றது. வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷமான பெண், ஈரக்காலோடு எதிரே நின்றாள்.

கட்டில்மேல் போன் இன்னும் அணையாமல் கிடந்தது யாருக்கும் ஞாபகமில்லை.

"பணத்தைக் குடுத்துடுங்க" என்றது போன். "எனக்கு ஓடு வேணாம். அவ வரணும்."

கண்டக்டர் விரல் இடுக்கிலிருந்து நோட்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். நிமிர்த்தினார். எண்ணினார். ஒன்று குறையாமல் மகள் கையில் வைத்தார். பெரிய தியாகம் ஒன்றுமில்லை, அவள் பணம் அவளிடம் போயிற்று. என்றாலும், பணத்துக்கு உரியவர் கேட்பதற்கு முன் மீதியைத் திருப்பிக் கொடுத்தது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து, "பாப்பா, அந்தத் தெருமுனை டீக்கடை இன்னும் இருக்குமா?" என்றார்.

இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். அவள் ஈரச் செருப்போடு, அவர் சாமியார் தாடியோடு. நம் கணக்கில் நூறான அந்த டீயைக் குடித்துவிட்டு, சர்க்கரை பத்தவில்லை என்றார். அந்த வாய் அடங்கியா விடும்?

ஊருக்குக் கிளம்பும்போது, அவர் கொண்டுவந்த எண்பத்தொன்றில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அதை மகள் கையில் திணித்து, இதற்கு டீ குடி என்றார். அவள் கண் கலங்கினாள். அவருக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்காரியிடம் பதினெட்டுக்குப் போட்டு மறுபடி தண்டம் அழக் கூடாது என்பதும் அதில் பாதி இருந்தது. விமான நிலையத்தில் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லையாம்.

வந்த மறுநாள் சோடாக்கடைக்காரரிடம் போய்த் தன் ஓடுகளைத் திருப்பிக் கேட்டார். அவர் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. கொட்டகையைப் பிரிக்கக் கூலி, வேறு கூரைக்குச் செலவு எல்லாம் சேர்த்து ஒரு விலை சொன்னார். விற்ற விலையைவிட ஒன்றரை மடங்கு. கண்டக்டர் வாயைத் திறந்தார். அதே ஓட்டுக்கு இரண்டு விலையா என்று கேட்கத்தான் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"பென்சன்ல மாசாமாசம் கழிச்சுக்க" என்றார்.

பாதி ஓடு உடைந்துபோயிருந்தது. அந்த இடத்துக்குத் தகரம் போட்டார்கள். மழை வந்தால் ஒரு பாதி வீடு அமைதியாக இருக்கும், மறு பாதி மத்தளம் அடிக்கும். தூண்களை இடிக்கக் கொத்தனார் கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை; துருப்பிடித்த கம்பியை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றன. பெண்சாதி இரண்டு தூணுக்கு நடுவே கயிறு கட்டித் துணி உலர்த்த ஆரம்பித்தாள்.

தெருவில் யாராவது மாடி என்ன ஆயிற்று என்று கேட்டால், "ரேட்டு சரியில்லப்பா, ஏறட்டும்னு விட்டு வச்சிருக்கேன்" என்பார் கண்டக்டர், வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு.

துணியை உதறிக் கயிற்றில் போட்டுக்கொண்டே அவள் சொல்வாள்: "ஏறட்டும், ஏறட்டும். வருஷக் கடைசில என் பொண்ணு வந்து இறங்குவா. எனக்கு அது போதும். நீங்க போய் எண்ணெய் வாங்கிட்டு வாங்க. மீதிச் சில்லறைய மறக்காம வாங்குங்க."